திருவாரூரில் அஞ்சலி போஸ்டர் அடிக்க நம்பிப் போகலாம் இந்தக் கடைக்கு

அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. அலைச்சல் ஓய்ந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. சாமியானா போட்டவர், ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர், சாப்பாடு எடுத்த இடம் என்று எல்லாரைப் பற்றியும் சொல்ல ஏதாவது இருக்கிறது, ஆனால் நான் எழுத நினைப்பது போஸ்டர் அடித்த அச்சகத்தைப் பற்றி மட்டும்தான். கமலாலயக் குளத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் தம்பி என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார். சாவுக்குப் போஸ்டர் அடிக்கிற கடை எது என்று அந்தப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தது விடியற்காலை மூன்றரைக்கு. ஐந்து மணிக்கு நானும் மாமா மகனும் போய்க் கதவைத் தட்டினோம், கடைக்கு மேலே மாடியில்தான் அவர் வீடு. லுங்கியோடு இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினார். முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?" மாலை நாலு மணி என்றேன். அடுத்தது, "அப்பா சாமி கும்பிடுவாரா?"

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கடையை நான் சொல்கிறேன். வேறு இடமாக இருந்தால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு டிசைனைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, "இறைவனடி சேர்ந்தார்" என்று அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் அப்பா 1965 இந்தி எதிர்ப்பில் பதினேழு வயதில் தெருவுக்கு வந்த ஆள், கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். அவர் படத்துக்குக் கீழே அப்படிப் போட்டிருந்தால், வந்தவர்களில் பாதிப் பேர் யாரோ வேறு ஆள் செத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். "கும்பிட மாட்டார்" என்றேன். ஒன்றும் பேசாமல் "இயற்கை எய்தினார்" என்று அடித்தார். கருமாதி உண்டா, படத்திறப்பா என்று கேட்டு, படத்திறப்பு என்றதும் தேதிக்கு ஒரு வரி இடம் விட்டு வைத்தார்.

ஒற்றைக் கறுப்பில் டெமி அளவு 100 போஸ்டர், 1,800 ரூபாய். ஏழரைக்குக் கையில் வந்துவிட்டது. ஒட்டுகிற பையனையும் அவரே சொல்லிவிட்டார், அந்தப் பையன் மைதா பசையில் துத்தம் கலந்துதான் காய்ச்சுகிறான், அது இல்லாவிட்டால் பகலுக்குள் மாடு தின்றுவிடும். மழை வந்தும் பேருந்து நிலையம் பக்கம் ஒட்டியது ஒரு வாரம் நின்றது. வேலை என்ற அளவில் இவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடைக்கு நான் போனதற்குக் காரணம் வேறு. 2018 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை இரவு, என் அப்பா அங்கே ஒரு போஸ்டர் அடித்தார்.

அன்று மாலை 6.10 மணிக்குக் கலைஞர் இறந்தார் என்று மருத்துவமனை அறிவித்ததும் எங்கள் ஊர் என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் பிறந்த திருக்குவளை இந்த மாவட்டத்துக்கு ஒட்டிய ஊர், படித்தது திருவாரூரில், 2011லும் 2016லும் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். 1957ல் குளித்தலையில் தொடங்கி 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர், ஐந்து முறை முதல்வர், ஒரே கட்சிக்கு 49 வருடம் தலைவர். 94 வயது. ஜூலை 28லிருந்து காவேரி மருத்துவமனை வாசலில் "எழுந்து வா தலைவா" என்று கத்திக்கொண்டிருந்தவர்களை நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். செய்தி வந்த கால் மணி நேரத்தில் ஷட்டர்கள் இறங்கின, பஸ் நின்றது. திறந்திருந்த ஒரே கடை இந்த அச்சகம்தான், அதுவும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே லைட்டைப் போட்டுக்கொண்டு.

அப்பா கலைஞர் பெயரை ஒன்பது வருடமாக வீட்டில் சொன்னது கிடையாது. 2009 ஏப்ரல் 27 அன்று காலையில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்து, இலங்கையில் போர் நின்றது என்று மதியத்துக்குள் அவர் எழுந்தபோது, அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து கை தட்டினார். நான் பார்த்தேன். அடுத்த மூன்று வாரத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அப்பா கூடத்துச் சுவரில் இருந்த கலைஞர் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். கிழிக்கவில்லை, உடைக்கவில்லை, பரணில் வைத்தார். கட்சிக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். கேட்டால், "அன்னைக்குக் கை தட்டினேன்ல, அதை என்னால மறக்க முடியல" என்பார். அவருக்கு இருந்த கோபத்தில் பாதி தன் மேலேயே என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

அந்த மனிதர்தான் 7ஆம் தேதி இரவு எட்டரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனோம்.

உள்ளே கூட்டம். மை வாசனை, ஆஃப்செட் மெஷின் சத்தம், தரையில் ஈரப் போஸ்டர்கள். ஒன்றியம், நகரம், வட்டம் என்று கட்சிக்காரர்கள் போட்ட ஆர்டர் ஒரு பக்கம். அதில் பட்டங்களுக்குக் குறைவே இல்லை, ஒரு சீட்டில் படத்தைவிடப் பட்டம் பெரிதாக இருந்தது, கீழே வரிசையாக இருபது பேர் பெயர். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, எந்தக் கட்சியில் யார் இறந்தாலும் அப்படித்தான் அடிப்பார்கள். என்னை நிறுத்தியது இன்னொரு ஆர்டர். நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் நான்கு பேர் நின்றார்கள், பணம் ஆளாளுக்குப் போட்டுச் சேர்த்தது, பத்து ரூபாய் நோட்டுகள். அவர்கள் சொன்ன வாசகத்தில் ஒரே ஒரு வரி, "எங்கள் பிள்ளைகளுக்கு 3 சதவீதம் தந்தவருக்கு". அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. அதுவும் 2009தான். அப்பா படத்தைக் கழற்றிய அதே வருடம். அப்பா அந்தத் தாளைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

ஒரே ஆள், ஒரே வருடம். ஒருத்தருக்கு அவர் கைவிட்டவர், இன்னொருத்தருக்கு அவர்தான் கை கொடுத்தவர். என் பாட்டியிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்லியிருப்பார், 1971ல் மதுவிலக்கை எடுத்து ஊரைக் குடிக்க வைத்தவர் என்று கடைசி வரை மன்னிக்கவே இல்லை, 1974ல் அவரே திரும்பக் கொண்டுவந்தார் என்று அப்பா சொன்னாலும் கேட்க மாட்டார். அத்தையைக் கேட்டால், 1989ல் பெண்ணுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்ததால்தான் 1991ல் கல்யாணமான தனக்கு அரைக் காணி கிடைத்தது என்பார். ஒரே வீட்டுக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது. இவர்களில் யார் சொல்வதும் பொய் இல்லை. அப்புறம் ஊர் மட்டும் எப்படி ஒரே குரலில் அழும், அல்லது ஒரே குரலில் திட்டும்?

அன்று இரவு வாட்ஸ்அப்பில் கேலிப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கடலில் போட்டாலும் கட்டுமரமாக மிதப்பேன் என்று அவர் எழுதியதை வைத்துக் கட்டுமரம், கட்டுமரம் என்று. உடம்பு இன்னும் கோபாலபுரம் வீட்டுக்குக்கூட வந்து சேராத நேரம். எனக்கு அது பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை. 2009க்காகக் கோபப்படு, குடும்பத்தைக் கட்சிக்குள் கொண்டுவந்ததற்காகக் கோபப்படு, சர்க்காரியா கமிஷனிலிருந்து 2ஜி வரை எதை வேண்டுமானாலும் கேள், கேட்க வேண்டும். ஆனால் கேலி செய்தவர்களில் பலர் எதையும் கேட்கவில்லை, வயதையும் மூச்சுத்திணறலையும் படம் போட்டுச் சிரித்தார்கள். அந்தக் கடைக்கும் அப்படி ஒரு ஆர்டர் வந்ததாம், ஒரு பையன் துண்டுப் பிரசுரம் அடிக்கக் கேட்டிருக்கிறான், இரண்டு மடங்கு பணம் தருகிறேன் என்று. அண்ணன் மெஷினை நிறுத்தாமலே சொன்ன பதில்: "பதினாறு நாள் கழிச்சு வா. அப்பவும் இதே கோவம் இருந்தா வாசகத்தைப் படிச்சுப் பார்த்துட்டு அடிச்சுத் தர்றேன்." அவன் வரவே இல்லையாம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். முறை வந்ததும் அண்ணன் கேட்டார், "வாசகம் என்னண்ணே?" அப்பாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய ஆள் அவர். "கோபம் தீராமலே போயிட்டீங்கன்னு போட முடியுமா தம்பி?" என்று கேட்டார். அண்ணன் யோசித்தார். "போடலாம்ணே. ஆனா நாளைக்குக் காலையில அதைப் படிக்கிறவன் நீங்க அழுதது தெரியாம கிழிச்சுருவான்." அப்பா தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள், நான் பக்கத்தில் நின்றேன். தலைவர் என்று போடலாமா, வேண்டாம். முத்தமிழறிஞர், வேண்டாம். கலைஞர்? அப்பா வேண்டாம் என்றார். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குமா தெரியவில்லை, தி.மு.க. குடும்பத்தில் பிறந்தவன் வாயில் கருணாநிதி என்ற பெயர் வராது, எதிர்க்கட்சிக்காரன்தான் அப்படிச் சொல்வான், நானே இதில் இத்தனை முறை கலைஞர் என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்பா பெயரைச் சொன்னார். "திருக்குவளை மு. கருணாநிதி" என்று போடச் சொன்னார். அதுதான் அவருடைய கோபம், மொத்தமும் அந்த ஒரு வரியில்.

படம்? மஞ்சள் துண்டு போட்ட படம் வேண்டாம், 1960களில் எடுத்த இளவயதுப் படம் ஒன்று அண்ணனிடம் இருந்தது, அதை எடுத்தார்கள். கீழே "1924 – 2018". அதற்குக் கீழே "கண்ணீர் அஞ்சலி". வீரவணக்கம், புகழ்வணக்கம் எல்லாம் அண்ணன் சொல்லிப் பார்த்தார், அப்பா கண்ணீர் அஞ்சலியைத் தவிர வேறெதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. போடுகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "1965 மாணவன் ஒருவன்".

25 போஸ்டர். பேப்பர் தீர்ந்துகொண்டிருந்தது, கடைகளெல்லாம் மூடியதால் வாங்கவும் வழியில்லை, கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த கெட்டியான தாளை எடுத்து அடித்தார். பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். விடிய விடிய நாங்களே ஒட்டினோம். எழுபது வயதில் அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒட்டியது கோணல் என்று இரண்டு இடத்தில் கழற்றி மறுபடி ஒட்டச் சொன்னார்.

மறுநாள் காலை டிவி. மெரினாவில் இடம் கிடையாது, கிண்டியில் காந்தி மண்டபம் பக்கம் 2 ஏக்கர் தருகிறோம் என்று அன்றைய அரசு சொன்னதும், இரவோடு இரவாக நீதிபதி வீட்டிலேயே வழக்கு நடந்ததும், காலையில் மெரினாவில் அடக்கம் செய்யலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், ராஜாஜி ஹாலில் ஸ்டாலின் கையைக் கூப்பிக் குலுங்கி அழுததும் எல்லாரும் பார்த்ததுதான். செத்த பிறகும் இட ஒதுக்கீட்டுக்குப் போராடி ஜெயித்தவர் என்று அன்று ஊரே சொன்னது. அப்பா அப்போதுதான் சத்தமாக அழுதார். பரணிலிருந்து படத்தை இறக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

இந்தத் தடவை போஸ்டர் அடித்து முடிந்ததும் அண்ணன் உள் அறைக்குப் போய்ப் பழைய போஸ்டர்க் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். அடிக்கிற ஒவ்வொரு அஞ்சலிப் போஸ்டரிலும் ஒன்றை எடுத்து வைப்பது அவர் அப்பா காலத்துப் பழக்கமாம். 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர் இறந்த அன்று மர எழுத்து கோத்து அடித்தது அதில் இருக்கிறது, எழுத்தின் ஓரம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்தச் சாவின்போதுதான் மவுண்ட் ரோட்டில் இருந்த கலைஞர் சிலையை இடித்தார்கள், இடித்த பையன் முதுகில் குத்தவில்லை, நெஞ்சில்தான் குத்துகிறான் என்று அதற்கு அவர் எழுதியதை அப்பா அடிக்கடி சொல்லுவார். 2016 டிசம்பர் 5க்கு ஜெயலலிதா போஸ்டர் இரண்டு இருந்தது. ஒன்று பாதி அடித்து நிறுத்தியது. அன்று சாயங்காலமே சில டிவிகளில் இறந்துவிட்டார் என்று வந்தது, கட்சி ஆபீஸில் கொடியை இறக்கித் திரும்ப ஏற்றினார்கள், மருத்துவமனை இல்லை என்று மறுத்தது. அதற்குள் ஆர்டர் கொடுத்தவர்கள் ஓடி வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அடித்த தாளை அண்ணன் அடுப்பில் போட்டிருக்கிறார், ஒன்றைத் தவிர. இரவு பதினொன்றரைக்கு இறந்த பிறகு, நள்ளிரவில் அறிவிப்பு வந்து, மறுபடி அடித்தது இரண்டாவது. அதிலிருந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டிசைனை மட்டும் ரெடியாக வையுங்கள் என்று யார் கேட்டாலும் செய்வதில்லை. 2018ல் அந்தப் பத்து நாளும் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றிருக்கிறார். "உசுரோட இருக்கிறவருக்கு மறைவுத் தேதிக்கு இடம் விட்டு எப்படி தம்பி லே-அவுட் போடறது?"

கட்டின் நடுவில் இருந்து அப்பாவின் போஸ்டரை உருவி மேசையில் வைத்தார். துப்புரவுப் பணியாளர்கள் அடித்ததற்கு அடுத்து இருந்தது. கெட்டித்தாள் கொஞ்சம் பழுத்திருக்கிறது, இடது மூலையில் என் கட்டைவிரல் மை. "அப்பாவுக்கும் இதே எழுத்துல போட்டிருக்கேன், கவனிச்சியா?" என்றார். நான் கவனிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, "கண்ணீர் அஞ்சலி" இரண்டிலும் ஒரே அச்சு. பெயருக்குக் கீழே என்ன போடலாம் என்று காலையில் கேட்டபோது, நான் எதுவும் சொல்லாமலே "1965 மொழிப்போர் மாணவர்" என்று அவரே போட்டிருந்தார்.

குறைகளும் உண்டு. ஜி-பே கிடையாது, காசுதான். ஃப்ளெக்ஸ் அடிக்க மாட்டார், பல வண்ணம் என்றால் வெளியூருக்கு அனுப்பித்தான் வரும், இரண்டு நாள் ஆகும், சாவுக்கு அது உதவாது. கண்பார்வை குறைந்திருக்கிறது, எங்கள் ப்ரூஃபில் "மருமகள்" என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போய் நான்தான் பிடித்தேன், அதனால் எத்தனை அழுகையில் இருந்தாலும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். கட்சி ஆர்டர் எல்லாக் கட்சிக்கும் எடுப்பார், அதில் பாகுபாடு பார்த்து நான் கண்டதில்லை. அவர் எந்தக் கட்சி என்று அப்பாவுக்கும் கடைசி வரை தெரியாது.

முடிந்தால் இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று நாலு வார்த்தை சொல்லத் தயாராகப் போங்கள், கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது. சாவு என்றால் மட்டும் எந்த நேரமும் மாடிக் கதவைத் தட்டலாம், காலிங் பெல் வேலை செய்யாது, கையால்தான் தட்ட வேண்டும்.